நாற்பத்தொரு பாகை, பதினேழு கலை

நேரம் கொடுத்தவள் நான்.
விசாரணையில் அதைத்தான் முதலில் தோண்டினார்கள்.
நாலு வினாடி பிசகினால் கடலில் ஒரு மைல் பிசகும்,
தெரியுமா, செல்வி லியோனில்டே?
தெரியும்.

கடலடிக் கம்பியில் லிஸ்பனிலிருந்து வந்த துடிப்பை
ஆறவிடாமல் எடுத்து
ஜெர்வாசியோவின் கடிகாரத்துக்குக் கொடுத்தேன்.
அவன் இரண்டாம் முறையும் கேட்டான்.
முதல் முறையே சரியாக இருந்தது.
இதை விசாரணையில் நான் சொல்லவில்லை.

ஓர்த்தா துறைமுகத்தில் அன்று காற்று தெற்கே திரும்பியிருந்தது.
விமானத்துக்குக் ககாரா என்று பெயர் வைத்திருந்தார்கள்,
இரவெல்லாம் பாறை இடுக்கில்
பசித்த பிள்ளைபோல் கத்தும் எங்கள் கடற்பறவையின் பெயர்.
எரிபொருள் கனத்தில் மூன்று முறை நீரை உழுதது.
நாலாம் முறை எழும்பி
பீக்கோ மலையின் தோளுக்குக் கீழேயே
மேற்கே போனது.
கேப்டன் சார்மெந்தோ கையசைத்தார்.
ஜெர்வாசியோ குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

இரண்டு மணி பதினாறு நிமிடத்துக்கு என் காதுக்கருவியில்:
வேகா. நாற்பத்தொரு பாகை பதினேழு கலை.
இரண்டு பத்து நாற்பத்தாறு.
மற்றது மேகத்தில்.
அப்புறம் புள்ளி, கோடு, மூன்று புள்ளி.
எங்கள் தொழிலில் அதற்கு
பொறு
என்று பொருள்.

ஒரு விண்மீன் ஓர் இடத்தைச் சொல்லாது.
ஒரு கோட்டைத்தான் சொல்லும்:
இதன்மேல் எங்கோ இருக்கிறாய், அவ்வளவுதான்.
குறுக்கே வெட்ட இன்னொன்று வேண்டும்.
அது பிரம்ம ஹிருதயம், வடகிழக்கில் ஏறிக்கொண்டிருந்தது,
முகில் மூடிய பக்கத்தில்.

தேடப்போன கப்பல்கள் கோட்டில் ஒரு துண்டைத் தேடின.
எண்ணெய்ப் படலம் இல்லை. இறக்கைத் துணி இல்லை.
பதினொன்றாம் நாள் நிலக்கரி தீர்ந்து திரும்பின.
சார்மெந்தோவின் தம்பி அலுவலகத்துக்கு வந்து
என் மேசைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அது சரியாக ஓடியது.
தப்பாக ஓடியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

குளிர்காலத்தில், மேலாளர் இல்லாத ஞாயிறு,
அவர் அறை உலக உருண்டையில் ஊசி குத்தினேன்.
அந்த வினாடியில் வேகா
கொலராடோவின் மலைகளுக்கு நேர் உச்சியில்.
நாற்பத்தெட்டு பாகை நாற்பத்துமூன்று கலை நீளத்துக்கு நூல் வெட்டிச்
சுழற்றினேன்.
கோடு என்று நாம் சொல்வது
பெரிய வட்டத்தின் சின்னத் துண்டு.
கிரீன்லாந்துப் பனியில் ஏறி
அட்லாண்டிக்கில் இறங்கி
ஒரினோகோ ஆற்றங்கரையில் ஓர் ஊரைத் தொட்டது நூல்:
சியூடாட் பொலிவார்.
அங்கே நின்ற எவனுக்கும் அந்தக் கணம்
அவனுக்குத் தெரிந்த அதே உயரத்தில்தான்
அது தெரிந்திருக்க வேண்டும்.

எழுதினேன். முகவரி தெரியாமல்
தபால் அதிகாரிக்கு, என் அரைகுறை ஸ்பானியத்தில்:
செப்டம்பர் பதினாலு, இரவு பத்து மணி வாக்கில்,
வடமேற்கில் வெள்ளையாக ஒன்று,
யாராவது பார்த்தீர்களா?

ஏழு மாதம் கழித்துப் பதில்.
எலியோடோரோ, மருந்துக் கடைக்காரர்,
தபால்காரருக்கு எழுத நேரமில்லையாம்.
அம்மணி, ஊரில் விசாரித்தேன்.
அந்த வாரம் முழுக்க இங்கே மழை.
ஆறு என் கடைப் படிவரை வந்தது.
உங்களுக்கு உடம்பு சரிதானே?

சரிதான் என்று எழுதினேன்.

இங்கேயும் வேகா அந்த உயரத்துக்கு இறங்கும்,
எல்லாருக்கும் இறங்குவதுபோல்.
ஆனால் நாங்கள் கிழக்கே இருப்பதால் முந்திக்கொள்கிறது.
செப்டம்பர் பதினாலில்
அலைதாங்கிச் சுவரில் மேலங்கியோடு உட்கார்ந்து
கம்பெனியின் செக்ஸ்டன்டில் அளக்கிறேன்:
நாற்பத்தொன்று, பதினேழு.
என் தலைமேல் ஆயிற்று.
அவனிருந்த கோட்டை எட்ட அதற்கு
இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம்.

ககாராக்கள் கத்துகின்றன.
பொறுக்கிறேன்.