இடப்பக்கப் பெட்டி

மூன்று கடை ஏறி இறங்கினேன்,
உளுந்துக் கம்பெனி போனஸ்
ரப்பர் வளையம் போட்டுக் கைப்பையில் கனக்க.

முதல் கடையில் எல்லாமே பெரிசு.
என் மேசை சின்னது,
பாதியைத் தையல் மிஷின் பிடித்துக்கொண்டது.
இரண்டாம் கடையில் பாஸ் இறங்கியதும்
கண்ணாடிக்குள் சார்ஜர்கள் நடுங்கின.
என் வீடு மூன்றாம் மாடி, பலகைத் தரை;
அடியில் டோ கின் லே,
ரத்தக் கொதிப்புக்காரி.
கும்பிட்டு வெளியே வந்தேன்.

மகாபந்தூலா சாலையை ஒட்டிய சந்தில் மூன்றாவது.
ஆளைவிட அலமாரிகள் அதிகம்.
"ஆம்ப் உள்ளேயே இருக்கு, ப்ளக்கைச் சொருகினால் பாடும்"
என்றான் கோ சோ மோ.
என்ன தின்னும் என்று கேட்டேன்.
நாற்பது வாட்.
கரண்ட் போனபின் இன்வெர்ட்டரில்
ஃபேனும் விளக்கும், இல்லையென்றால்
ஃபேனும் பாட்டும்.
இருட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

பாட்டு வேண்டாம், சும்மா ஆன் பண்ணுங்கள் என்று
குனிந்து வலது காதை வைத்தேன்:
எண்ணெய் காயத் தொடங்கும் சத்தம்.
குறும்புக்கு இடது காதையும் வைத்தேன்.
துல்லியமான நிசப்தம்.
இந்தக் காதுக்கு
உலகத்தில் எந்த ஸ்பீக்கரும் உயர்ந்த ரகம்தான்.

ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது.
போகும்போது
வெறுங்கையோடு போகவில்லை.

சொன்னேன். சிரிப்பதா வேண்டாமா என்று நின்றான்.
அப்படியென்றால் ஒன்று போதுமே என்றேன்.
"ஒற்றையாய் விற்பதில்லை அக்கா, செருப்பு மாதிரி."
திருப்பிக் காட்டினான்:
மின்சாரம், திருகு, நீல விளக்கு, எல்லாம் வலப்பெட்டியில்.
இடப்பெட்டிக்கு
முதுகில் ஒரு ஒயர் மட்டும்.
அதைப் பார்த்தபோது எனக்கென்னவோ
சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது.

என் ஃபோனிலிருந்தே போடச் சொன்னேன்.
இருபது வருடமாய், பஸ்ஸில், இயர்ஃபோனில்,
எழுத்தெண்ணிப் பழகிய பாட்டு.
குரல், வீணை. அவ்வளவுதான் அதில்.

இரண்டாவது அடியில்
யாரோ கடம் வாசித்தார்கள்.

"இது வேற பதிவு."
"உங்க ஃபோன்தான் அக்கா."

இடப்பெட்டியில் கிளம்பியது
எதிர்ச்சுவரில் மோதி, ஃப்ரிட்ஜ் அட்டைகளில் உரசி,
கடையைச் சுற்றி நடந்து
வலது காதுக்கு வந்து கதவு தட்டியது.
இயர்ஃபோனில் வழி ஏது?
செத்த காதுக்குள்ளேயே வாசித்து வாசித்து
இருபது வருடம் அந்த மனுஷர்
எழுந்து போயிருக்கிறார், தினமும்.

அப்போது பார்த்து கரண்ட் போயிற்று.
சந்து முழுக்க ஜெனரேட்டர்கள் இருமின.
அவன் ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
ஸ்டூலில் உட்கார்ந்தேன்,
லபெயே இரண்டு கோப்பை, கடைக்கணக்கில்.
ஒன்றரை மணி நேரம்.
ஆபீசுக்குப் போன் போட்டு வயிற்றுவலி என்றேன்.

பேரம் பேசாமலா? பதினைந்தாயிரம் குறைத்தான்,
ஒயர் இரண்டு மீட்டர் கூடுதல்.

தம்பி தவசீலன் வந்து பார்த்தான்.
"ஃபோன்ல ஒரு செட்டிங் இருக்கே, மோனோ,
ரெண்டையும் ஒண்ணாக்கிடும். காசு மிச்சமாயிருக்கும்."
இதை நீ பதினைந்து வருடம் முந்தி
சொல்லியிருக்கலாம் என்றேன்.
பிறகு, வேண்டாம், அதைத் தொடாதே என்றேன்.
கடம் நடந்து வரட்டும்.
சுவரைத் தொட்டுக்கொண்டு வரட்டும்.

அன்று கரண்ட் வந்தது இரவு ஒரு மணிக்கு.
டப் என்று ஒரு மூச்சு, நீல விளக்கு.
மெதுவாகத்தான் வைத்தேன்.

காலையில் பால்கனிக் கயிற்றின் மணி அடித்தது.
எந்தத் திசை என்று வழக்கம்போல் தேடி
எட்டிப் பார்த்தால்
ரொட்டிக்காரன் இல்லை.
கிளிப்பில் ஒரு துண்டுச் சீட்டு,
டோ கின் லேயின் வட்ட வட்ட எழுத்து:
பாட்டு பரவாயில்லை,
பத்து மணிக்கு மேல் அந்தப் பானைச் சத்தம் வேண்டாம்.

இருபது வருடம் எனக்குக் கேட்காதது
ஒரே ராத்திரியில்
ஒரு மாடி இறங்கிப் போயிருக்கிறது.

உளுந்துச் சாக்கு ஒன்றை நாலாய் மடித்து
இடப்பெட்டிக்கு அடியில் வைத்தேன்.