சாவி வெளியே

வெளியூர்க்காரர் வாயில் இது கோசோ.
எங்களுக்கு அவ்தெஷ்.
இந்தத் தீவுக்கு வர யாரும் காசு கேட்பதில்லை,
படகில் ஏறி உட்கார்ந்தால் போதும்.
திரும்பிப் போகத்தான் டிக்கெட்.

பதினெட்டு வருஷம் மெல்போர்னில் இருந்துவிட்டு
இலவசமாக வந்து இறங்கினேன்,
ஆகஸ்டில், மத்தியானம் இரண்டு மணிக்கு.
புத்தியுள்ளவர் செய்கிற வேலையில்லை.
தெருவில் ஈ காக்கை கிடையாது.
நிழல்கூட சுவரோடு ஒட்டி ஒண்டி நின்றது.
பச்சை ஜன்னல்கள் இறுகச் சாத்தியிருக்க
ஒவ்வொரு கதவிலும்
வெளிப்பக்கம்
சாவி.

யாரோ மறந்துவிட்டார்கள் என்று முதல் வீட்டில் நினைத்தேன்.
இரண்டாவதிலும் நினைத்தேன்.
பதினோராவது வீட்டருகேதான்
மறந்தது நான் என்று உறைத்தது.

எங்கள் வீட்டு நெற்றியில்
அப்பா ஆள்வைத்துச் செதுக்கிய சுண்ணாம்புக்கல் கங்காரு.
ஒரு காதைக் கடல்காற்று தின்றுவிட்டது.
அதன் கீழே நின்று, மெல்போர்ன் பழக்கத்தில்,
உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.
இரண்டு முறை.

மாதா கோவிலில் இரண்டு கடிகாரம்.
ஒன்று சரி, ஒன்று பொய்:
சாவு நேரம் சைத்தானுக்குத் தெரியக்கூடாதாம்.
சைத்தான் ஏமாந்தானோ இல்லையோ,
குழாய் ரிப்பேர்க்காரர் நாசியு
பொய்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வேலைக்கு வருகிறார்.

வாசல்தோறும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்.
பூனை அங்கே மூத்திரம் போகாதாம்.
பூனை பாட்டில்மேல் சாய்ந்து தூங்குகிறது,
எழுந்து, அங்கேயே போகிறது.
பாட்டிலை மட்டும் யாரும் எடுப்பதில்லை.
நானும் இரண்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பரில் நானும் சாவியை வெளியே விட்டேன்.
எதிர்வீட்டு டோனினாவின் பார்வை தாங்காமல்தான்.
மூன்றாம் நாள்
நைட்டியோடு நின்று தர்பூசணி தின்றுகொண்டிருந்தேன்.
கதவு திறந்தது.
தொப்பி வைத்த ஒருவர், கழுத்தில் கேமரா,
அடுப்பைப் பார்த்தார், அப்பாவின் படத்தைப் பார்த்தார்,
என்னைக் கடைசியாகப் பார்த்தார்.
நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்றார்.
மியூசியம் அடுத்த தெரு என்று
கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

அன்றிரவு சாவியை உருவித்
தலையணைக்கடியில் வைத்தேன்.

காலை எட்டு மணிக்குத் திருவிழா வெடி.
ஒன்பதுக்கு டோனினா, கையில் சட்டி.
உள்ளே பட்டாணி, பாலாடைக்கட்டி, முட்டை.
விதவைச் சூப் என்பது அதன் பெயர்;
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன்.
பரவாயில்லை, சூடாறுமுன் குடி என்றாள்.
பத்துக்கு கேஸ் லாரி விஸ்டின்,
சிலிண்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு
ஜன்னல் கம்பி வழியாக,
"மூச்சு இருக்கா?"
பதினொன்றுக்குப் பாதிரியார் வந்தார்,
எண்ணெய்ச் சிமிழோடு.
சாவியைத் தேடி எடுத்துக் கதவில் செருகிவிட்டுத்தான்
அவருக்குக் காபி போட்டேன்.

பிறகு அதைத் தொடவில்லை.
குளிக்கும்போது யாரோ முட்டைக்கோஸ் வைத்துவிட்டுப் போவார்கள்.
ஒருநாள் ஒரு நாற்காலி வந்தது.
யாருடையது என்று இன்றுவரை தெரியாது.
அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நவம்பரில் ஒரு வாரம் போகவேண்டி வந்தது.
பெட்டியை இறக்கிவிட்டுச் சாவியை இழுத்தேன்.
வரவில்லை.
உப்பு ஏறிப் பூட்டோடு பிடித்துக்கொண்டது.
எண்ணெய் விட்டேன், திருகினேன்,
திட்டினேன், ஆங்கிலத்தில்.
டோனினா மாடத்திலிருந்து
கயிற்றில் ரொட்டிக்கூடையை இறக்கியபடி,
"விடு. நீ பூட்டிக்கொண்டு போனால்
உன் பூனைக்கு யார் கதவு திறப்பார்?"

எனக்குப் பூனை கிடையாது.

துறைமுகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
டிக்கெட்டுக்குக் கை நீட்டினாள்.
பையில் சில்லறையைத் தேடினேன்,
விரல் பழக்கமாக வேறெதையோ தேடிற்று.