காதில்லாத ஊசி

போர் சற்றே மூச்சு வாங்கிய ஆண்டு.
வின்செல்சீ துறைமுகத்தில் மழை.
சுங்க மேசையில் ஹேமோ டில்டன்
வாத்திறகை மையில் தோய்த்து
மீன் பீப்பாய்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

தியெப்பிலிருந்து வந்த மரியோத்
பெட்டியைத் திறக்கிறாள்.
பித்தளையில், கொஞ்சம் வெள்ளியில்,
சீரகத்தைவிடச் சற்றே நீண்ட குழல்கள்,
ஆயிரத்துச் சொச்சம்.

என்ன இது?
அகுயெத்.
என்னது?

காற்றில் தைத்துக் காட்டுகிறாள்:
இல்லாத துணி, இல்லாத நூல்,
இரு விரல் நடுவே இல்லாத ஊசி.
அகுய் என்றால் அவள் ஊரில் ஊசி.
எத் என்பது கொஞ்சிக் கூப்பிடும் வால்.
ஊசிக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அதற்குக் காது கிடையாது,
நாடாவே பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்.
ஹேமோவுக்குக் கேட்கும் காது ஒன்றுதான், இடது,
அதிலும் மழை.

பொறுமை தீர்ந்து
அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறாள்.
அங்கே தொங்கும் நாடாவின் நுனி
பிரி பிரியாய்ப் பிரிந்து
எச்சில் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது.
காலைதோறும் அதை வாயில் வைத்து முறுக்கி
துளையைத் தேடித் தவறவிட்டு
புனிதர்கள் பெயரையெல்லாம் வசவாக்குவான்.

குழல் ஒன்றை மாட்டி
பல்லால் நெரிக்கிறாள்.
ஒரே குத்து.
துளையின் அந்தப் பக்கம்
நாடா தலை நீட்டுகிறது.

ஓ, என்கிறான்.
அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு எழுதுகிறான்: ஆக்லெட்.
அடுத்த வரியில், ஆக்லொட்.
பக்கத்தின் அடியில், மை வற்றும்போது, அக்லிட்.
குரோசுக்கு ஒன்றரைப் பென்னி.
(மாட்டிய ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

கடலில் நனைந்த சொல்லுக்கும்
நுனி பிரியத்தான் செய்கிறது.
எந்த எழுத்து உதிர்ந்தபோது
ஊசி நழுவியதென்று
நான் அகராதியைத் தடவிப் பார்த்தேன்,
வைக்கோற்போரில் தடவுகிறவனைப் போல.

அன்றிரவு
மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு
இருட்டில் சட்டையை அவிழ்க்கிறான் ஹேமோ.
பித்தளை நுனி பெருவிரலில் ஏறுகிறது.
விரலைச் சப்பிக்கொண்டே
பக்கத்தில் பாதித் தூக்கத்திலிருக்கும் ஆவிஸிடம்
தன் சொந்த மொழியில் சொல்கிறான்:
சனியன்,
ஊசி மாதிரி குத்துகிறது.