சுற்றுக் கணக்கு

மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிறவனுக்கு
எண்ணத் தெரியும்.
அறுபத்தெட்டாவது சுற்றில் யாராவது பேச்சுக் கொடுத்தால்
மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டு
ஒன்றிலிருந்து தொடங்குவான்.
கடையில் அடைக்கலத்தோடு
காலை நேரத்தில் யாரும் பேசுவதில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில்
பதினோரு கர்ப்பிணிகள், ஒரே ஓர் ஆண்.
மூச்சை நாலில் இழுத்து ஆறில் விடுங்கள் என்று
பிலோமினா சிஸ்டர் செய்து காட்டியபோது
எங்கள் அத்தனை பேருக்கும் சிரிப்பு.
அவன் மட்டும்
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்.

கண்டனூரில் நாங்கள் வாடகைக்கு இருந்தது
பெரிய வீடொன்றின் பின்கட்டு.
முன்வாசல் ஒரு தெரு,
எங்கள் கதவு அடுத்த தெரு.
அந்த நீளச் சுவரை ஒட்டியே நடந்து
ஊருணியைத் தொட்டுத் திரும்பினால்
அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு.
எட்டாம் மாதத்தில் எழுநூற்றைத் தாண்டியது.
"சுவரு வளந்துருச்சு" என்றான்.

மதிய வெக்கையில்
பூக்கல் தரையில் ஒருக்களித்துப் படுப்பேன்.
குளிர்ச்சி இடுப்பில் ஏற ஏற
உள்ளிருந்து ஒரு குதிகால்
தரையைத் தட்டிப் பார்க்கும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகலையா
என்றது தெரு.
அம்மாவுக்கு ஆவணி முழுக்கக் கல்யாணச் சமையல்.
அண்டா உருட்டும் சத்தத்துக்கு மேலே
போனில் கத்தினாள்:
"அவரு பாத்துக்குவாராடீ?"
"எண்ணிப் பாத்துக்குவாரும்மா."

இரண்டேகாலுக்கு வலி எடுத்தது.
பையில் ஒரு பொருளும் விட்டுப்போகாமல்
சரிபார்த்து எடுத்தவன்
சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தான்.
புதுவயல் ரோட்டில் வேகத்தடை ஒவ்வொன்றுக்கும்
மன்னிப்புக் கேட்டான்,
என்னிடமா
எனக்குள் இருந்ததிடமா தெரியவில்லை.

ஆம்பளை உள்ளே வரக்கூடாது என்றார் வாட்ச்மேன்.
"நம்ம மோட்டார்காரர்தான், விடுங்க" என்றார் சிஸ்டர்.

நான் கணக்கெழுதும் அரிசி மில்லில்
பெல்ட் ஓடத் தொடங்கும்போது
முதலில் தரைதான் அதிரும்,
சத்தம் அப்புறம்.
ஒவ்வொரு வலியும் அப்படித்தான் வந்தது,
பாதத்திலிருந்து.
கட்டிலில் ஏற மறுத்தேன்.
அவன் கழுத்தில் இரண்டு கைகளையும் கோர்த்து
என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினேன்.
அவன் உள்ளங்கை
என் நடு இடுப்பை அழுத்திக்கொண்டே இருந்தது.
காதருகில் எண்கள்:
ஒண்ணு. ரெண்டு. மூணு.
வலி உச்சிக்குப் போய்
எங்கே திரும்பும் என்று
என்னைவிட அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றது.
சிஸ்டர் அவனைப் பார்த்தார்.
அவன் என்னைப் பார்த்தான்.
"பத்தே நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷத்தில்
அவன் ஏழு தலைமுறையும்
என் வாயில் விழுந்து எழுந்தது.
நானே எண்ணிப் பார்த்தேன்.
நாலுக்கு மேல் எண்ணே இல்லை உலகத்தில்.
நாலு.
நாலு.
நாலு.
சுவருக்குள் குழாய் இருமியது,
துப்பியது,
பிறகு ஓடியது.

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி
சொட்டச் சொட்ட வந்து நின்றான்.
"கெப்பாசிட்டர்..."
"பேசாத. எண்ணு."

முக்கத் தோன்றும்போது முக்கும்மா என்றார் சிஸ்டர்.
தோன்றுவதா அது?
ஆள் கேட்காமல் என்னைக் கையிலெடுத்தது.
தரைப்பாயில் முட்டிபோட்டு
அவன் தொடையில் முகம் புதைத்து
மாடுபோல ஒரு குரல், என்னுடையதாம்.
பதினாறு, பதினேழு என்று வந்துகொண்டிருந்தவன்
நின்றுவிட்டான்.
நிமிர்ந்து பார்த்தேன்.
வாய் திறந்திருந்தது,
எண் இல்லை.

வெதுவெதுவென்று, வழுக்கலாக, கோபமாக
என் மார்பில் அவள்.

"கொடி துடிப்பு அடங்கட்டும், அப்புறம் வெட்டலாம்"
என்ற சிஸ்டர்
அவன் விரல் இரண்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.
உதடு அசைந்தது, சத்தமில்லாமல்.
ஜன்னலுக்கு வெளியே
மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது,
நிறுத்த ஆளில்லை.

"எத்தனை?" என்று கேட்டேன்.
தலையை மட்டும் ஆட்டினான்,
பேசிவிட்டால்
அவிழ்க்க வேண்டியிருக்கும் என்பதுபோல.