கைப்பிடி

அன்னம் என்று எழுதிவிட்டால்
பாலைப் பிரித்துக் காட்டச் சொல்வீர்கள்.
இது அந்தப் பறவை அல்ல.
புல்லையும் பொட்டல நூலையும்
ஒரே வாயில் விழுங்கிவிட்டு
இன்னும் உண்டா என்று கழுத்தை நீட்டும்
ஹங்கேரிப் பெருவாத்து.
அன்னத்துக்குச் சோறு என்றும் ஒரு பொருள் உண்டே,
வேண்டுமானால் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

மணல் பூமி. தண்டவாளத்துக்கு அப்பால்
இரண்டு தகரக் கொட்டகைகள்.
இடப்பக்கம் அறுபது, வலப்பக்கம் அறுபது.
இடப்பக்கத் தீவனத்தில்
தைம் பொடி, பூண்டு, காய்ந்த காஞ்சொறி,
காப்பித்தூளில் கலப்பார்களே, அந்தச் சிக்கரி வேர்.
வலப்பக்கத்தில் சோளமும் கோதுமையும், அவ்வளவுதான்.
"ஒப்பிட்டுப் பார்க்க" என்றாள்
டெப்ரெட்சென் பல்கலைக்கழகத்து போக்லார்கா.
எதெல்கா தலையாட்டினாள்.
தலையாட்டுவதும் சம்பளத்தில் சேர்த்தி.

விடியற்காலை ஐந்துக்கு
எச்சத்தை வாசிப்பது அவள் முதல் வேலை.
பச்சைச் சுருள், நுனியில் வெள்ளை: நலம்.
நுரை இருந்தால் இன்னொருமுறை குனிவாள்.
தண்ணீராய்ப் பீய்ச்சியிருந்தால்
வைக்கோலை மாற்றுவதற்கு முன்
கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.

ஒன்பதாம் நாள்
வலப்பக்கக் கொட்டகை முழுக்கத் தண்ணீர்.
மருந்து கூடாது. ஒப்பந்தத்தில் இருக்கிறது,
அவள் கையெழுத்துக்கு மேலே.
குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
பின்பக்கம் ஒட்டிய பஞ்சுச் சிறகோடு
கண்ணை மூடிக்கொண்டிருந்தன.

அன்று இரவு தனக்காகச்
சீமைச்சோம்பு சூப் வைத்தாள்.
வங்கியிலிருந்து கடிதம் வந்தால்
அவளுக்கும் வயிறு இளகும்.
மீந்த விதையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு
விளக்குப் போடாமல்
வலப்பக்கக் கதவைத் திறந்தாள்.

மறுநாளிலிருந்து இடப்பக்கச் சாக்கிலிருந்தே.
தினம் ஒரு கைப்பிடி,
வேலியோரம் பறித்த பச்சைக் காஞ்சொறி கொஞ்சம்.
யாரிடமும் சொல்லவில்லை,
நாயிடம்கூட.

அறுபத்து மூன்றாம் நாள்.
குடல் நலமா என்று அறியக்
குடலைத் திறந்துதான் ஆக வேண்டும்.
பக்கத்துக்கு ஆறு.
எதெல்காதான் பிடித்துக் கொடுத்தாள்,
இறக்கையை மடக்கி, கண்ணைக் கையால் மறைத்து.
ஒவ்வொன்றையும் கொடுத்த பிறகு
முன்றானைத் துணியில் கையைத் துடைத்தாள்,
கை ஈரமாக இல்லாதபோதும்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள் போக்லார்கா.
மடிக்கணினியில் ஒரு படம்:
குடலின் உட்சுவர், விரல் விரலாய்,
அடர்ந்து விளைந்த நாற்றங்கால்.
பக்கத்தில் இன்னொன்று. அதுவும் நாற்றங்கால்.
"இது இடது. இது வலது.
உயரத்தில் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.
மூன்று வருஷம்...
மூலிகையால் பயனில்லை என்றுதான் எழுத வேண்டும்."

எதெல்கா வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.
குழாயை நிறுத்தாமலே சொன்னாள்:
"அவற்றுக்கும் போட்டேன்."

கொஞ்ச நேரம் குழாய் மட்டும் பேசியது.

"எப்போதிலிருந்து?"
"ஒன்பதாம் நாள்."
"எவ்வளவு?"
"கைப்பிடி."

ஏச்சு விழும் என்று தோள் இறுகி நின்றாள்.
போக்லார்கா காரைத் திறந்தாள்.
போகிறாள் என்றுதான் நாயும் குரைத்தது.
திரும்பி வந்தவள்
சின்னத் தராசு ஒன்றைக்
கவிழ்த்த வாளியின் மேல் வைத்தாள்,
ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தாள்.
"அள்ளு. இரவில் அள்ளுவது போலவே."

நகக்கண்ணில் பச்சை ஏறிய,
மணிக்கட்டில் தடித்துச் சிவந்த கை
சாக்குக்குள் போய் வந்தது.
நாற்பத்தொரு கிராம்.
"மறுபடி."
முப்பத்தெட்டு.
"கண்ணை மூடிக்கொள்," என்றாள் போக்லார்கா,
"அங்கே விளக்கு இல்லை அல்லவா?
மறுபடி."