ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

அளவு கேட்டு எழுதினேன்.
அகலம், உயரம், தாளின் கனம்.
கல்யாணப் படமோ காரியப் படமோ
சட்டம் போடுகிறவள் வாயில் முதலில் வருவது அதுதான்.

நான்கு நாள் கழித்து டெய்ர் அல் பலாஹிலிருந்து
குரலாக வந்தது பதில்.
பின்னால் விடாத ரீங்காரம், வண்டு இல்லை.

உதவிப் பெட்டியைப் பிரித்து விரித்தால் என்ன அளவோ
அந்த அளவு.
இப்போது அட்டை இல்லை.
விறகு நனைந்த அன்று அடுப்பில் வைத்துவிட்டேன்.
இரண்டு ரொட்டி வெந்தது.
அதற்கு முன்னாலேயே பழைய ஓவியங்களின் சட்டங்கள் போயின.
நீ சட்டம் போடுகிறவள், உனக்குச் சொல்கிறேன்:
நன்றாக எரியும்.
வார்னிஷ் மட்டும் கண்ணைக் கரிக்கும்.
எரிக்குமுன் ஒரு போட்டோ எடுத்தோம், அனுப்புகிறேன்.

டர்பனில் அப்போது மின்வெட்டு.
விக்டோரியா தெரு மசாலாக் கடைகள்
இருட்டில் தும்மிக்கொண்டிருந்தன.
போனின் வெளிச்சத்தில் பார்த்தேன்:
கழுதை வண்டி,
அதன்மேல் நின்றவாக்கில் ஒரு பீரோ,
பீரோவின் கண்ணாடியில் கடல்.
அடுப்புக்கரியும் தேயிலைச் சாறும்.
கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

நிஜக் கண்ணாடி முதல் வாரமே போயிற்றாம்.
உடைத்ததை உடைந்தபடியே வரைந்தால்
அது அவர்கள் வரைந்த படம்
என்றாள் ரிஹாம்.

கீழ்மூலையில் ஒரு கட்டைவிரல்.
அட்டை பறக்காமலிருக்க யாரோ அழுத்திப் பிடித்தது.
நகத்தில் கரி, ஓரத்தில் பிய்ந்த தோல்.
சின்ன விரல்.
மகளுடையதாக இருக்கும். நான் கேட்கவில்லை.

கண்காட்சி நடத்தும் ரெஹானா சொன்னாள்:
விரலை வெட்டிவிடு லோகி, கண் அங்கேயே போகிறது.
அச்சடிக்கும் சிபுசிசோ
ஒரு நிமிட வேலை என்றான்.
கத்தியை எடுத்தேன். ஸ்கேலை வைத்தேன்.
வைத்தபடியே நின்றேன், டீ ஆறிப்போகும்வரை.

கரும்பு வெட்டக் கப்பலேறிய என் பூட்டன்
மதராஸ் ஆபீசில் பதித்ததும் ஒரு கட்டைவிரல்தான்.
பக்கத்தில் எண்.
ஊர் தப்பு, பேர் பாதி,
ரேகை மட்டும் முழுசு.
கைநாட்டு என்று எங்கள் மொழியில் ஒரு வசவு உண்டு.
வைதவர்கள் யாரும்
அந்தக் கடுதாசியைப் பார்த்ததில்லை.

மகனின் பட்டத்துக்குச் சட்டம் வாங்க வந்த ரெட்டி
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
இதனால் குண்டு நிற்குமா?
நிற்காது என்றேன்.
அறுநூறு ராண்டை எண்ணிப் பெட்டியில் போட்டேன்.
பிறகு விரலையும் சேர்த்தே அளந்து
கியாட் மரத்தை அறுத்தேன்.
படம் பெரிதானபோது விரலும் வளர்ந்து
என் உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது.

கண்ணாடி போடட்டுமா?
வேண்டாம் என்று எழுதினாள்.
இங்கே கண்ணாடி என்றால்
குழந்தைகளின் காலிலிருந்து பிடுங்கி எடுப்பது.

ஆகவே ஓவர்போர்ட் மண்டபத்தில்
வெறுந்தாளாகத் தொங்கியது.
ஷிப்ட் முடிந்த நர்சுகள், மதரஸாப் பிள்ளைகள்,
டாக்ஸியை இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு
தொப்பியைக் கழற்றியபடி வந்த ஒருவர்.
கடலைப் பார்த்தார்கள்.
பிறகு குனிந்து
அந்த விரல்மேல் தங்கள் விரலை வைத்தார்கள்.
யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் நாள் ரெஹானா கூப்பிட்டாள்:
மூலை முழுக்க அழுக்கு, துணி எடுத்து வா.
போனேன்.
பன்னி சௌ குழம்பு, கிரீஸ்,
யாருடையதோ நகப்பூச்சின் சிவப்பு.
படம் பிடித்து ரிஹாமுக்கு அனுப்பி
மன்னித்துக்கொள் என்றேன்.

இரண்டு நாள் ஒற்றை டிக்.
பிறகு,
துடைக்காதே. அளவு என்ன?

பதினொரு சென்டிமீட்டர் என்று தட்டினேன்.
அனுப்புவதற்குள் பள்ளிச் சீருடையில் ஒருத்தி
பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தாள்.
பன்னிரண்டு
என்று திருத்தினேன்.