தள்ளுபடி

மன்னார்குடி கூட்டுறவுச் சங்கத்தில்
என் வலதுகைக்கு எட்டு மணி நேர வேலை.
வைலட் மை, மரப்பிடி, ஒரே குத்து.
கடன் தாளில் விழுந்தால் அந்தச் சொல்லுக்குக்
கும்பிடு போடுகிறார்கள்.
மனுவில் விழுந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்து
பேசாமல் வெயிலில் இறங்குகிறார்கள்.
கடைத்தெரு ஜவுளிக்கடை வாசலில் அதே சொல்
முப்பது சதவீதம், ஆடி முடியும் வரை.

இரவில் இந்தக் கைக்கு வேறு ரப்பர்.

தில்லைநாயகி வீடு கட்டி முடித்துவிட்டாள்.
புதுமனை புகுவிழாவுக்கு நாற்பது அட்டை, வியாழனுக்குள்.
"பின்னாடி வெள்ளையா விட்டுடாதே.
நெல்லுக்கதிர் மட்டும் வேணாம், தாயே,
பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு."

வார் அறுந்த ஹவாய் செருப்பின் குதிகாலில்
பிளேடால் ஒரு புங்க இலை கீறி
மாத்திரை டப்பா மூடியில் ஒட்டினேன்.
மைத்திண்டை ரப்பர் மேல் தட்டணும், தேய்க்கக்கூடாது.
அமுக்கினால் விளிம்பில் வழியும்.
கை ஆடினால் ஒரு இலைக்கு இரண்டு நிழல்.

முதல் பதிவு கறுகறுவென்ற பச்சை.
மறுபடி மை தொடாமல் இரண்டாவது, வெளிறி.
மூன்றாவது, மார்கழி விடியலில்
வடுவூர் ஏரியின் அக்கரை மரம்:
இருக்கிறதா என்றால் இருக்கிறது.
மூன்றும் கலந்து கிடந்தால் தாளுக்குள் தூரம் வரும்.
எல்லாமே முதலாவதென்றால்
லாரிக்குப் போர்த்திய தார்ப்பாய்தான்.

வரிசையாய்க் குத்தாதே என்று கையிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.
பன்னிரண்டு வருஷம் பழகியது அது:
வலது மூலை, தேதிக்கு மேலே, நேராக.
கடைசியில் கையை விட்டுவிட்டு
ஒவ்வொரு குத்துக்கும் அட்டையைத் திருப்பினேன்.

ஓரத்து இலை பாதி அட்டையில், பாதி வெளியே விழணும்.
அப்போதுதான் அட்டை முடிந்த பிறகும்
இலைகள் போய்க்கொண்டே இருப்பதாகக் கண் நம்பும்.
அடியில் விரித்த தினத்தாளில்
மேட்டூர் நீர்மட்டத்தின் மேல்
அந்தப் பாதிகள் குவிந்துகொண்டே போயின.

ஐப்பசி ஈரம். மை காய மறுக்கிறது.
கட்டிலில், அரிசி டிரம்மில், தையல் மிஷின் மேல் எல்லாம் அட்டை.
ஒன்றைப் பூனை மிதித்தது, அதை ஏற்றுக்கொண்டேன்.
இருபத்தேழாவதில் என் கட்டைவிரல்.
வெள்ளைவிட்ட இடத்தில், பச்சையில், முழு ரேகை.

திங்கட்கிழமை வேதமாணிக்கம் வைத்த ரேகையும்
இதே அளவுதான்.
"என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.
படித்துச் சொன்னேன்.
"எந்தத் தள்ளுபடி?" என்று கேட்டார்.

தேய்ந்துபோய்க் கழித்துவிட்ட பழைய முத்திரை ஒன்று
பென்சில் டப்பாவில் கிடந்தது.
ரேகையின் மேல் வைத்தேன்.
பிறகு தலைகீழாக. பிறகு குறுக்கே.
ளகரத்தின் மேல் ளகரம், டிகரத்தின் வயிற்றில் புள்ளி.
மூன்றாம் சுற்றில் சொல் திக்கியது.
ஆறாவதில் கோரைப்பாய் முடைந்த மாதிரி
வெறும் கோடு, வெறும் வளைவு.
ரேகை மட்டும் அடியிலிருந்து கொஞ்சம் தெரிந்தது.

புதன் இரவு தில்லைநாயகி எண்ணிப் பார்த்தாள்.
இருபத்தேழில் நின்றாள்.
"இதுதான் இருக்கிறதிலேயே நல்லா இருக்கு.
எல்லாத்தையும் இப்படியே போட்டிருக்கலாமே?"

ஒன்றுதான் வந்தது என்றேன்.

அவள் அதை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.
"இந்த வைலட்டை எங்கேயோ பார்த்திருக்கேன்டி."